இளைக்கும் கங்கோத்ரி

பனியாற்றின் முகப்பு எவ்வளவு தூரம் பின்வாங்கியது என்றுதான் இருநூறு ஆண்டுகளாகப் பார்த்துவந்தோம். அதன் உடல் மெலிவதைக் காட்டிக்கொடுத்தவை, பனிப்போர்க் காலத்து உளவுப் படச்சுருள்கள்.

கங்கை பிறக்கும் பனியாற்றைப் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. 1965 முதல் 2006 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வீதம் பின்வாங்கிய கங்கோத்ரி, அதன்பிறகு வேகம் தணிந்து 2015 வரை ஆண்டுக்கு 9 மீட்டர் அளவில்தான் பின்வாங்கியிருக்கிறது. முந்தைய வேகத்தில் இது பாதிகூட இல்லை. இந்தத் தகவலோடு நிறுத்திக்கொண்டால் இமயம் தப்பித்தது என்று நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

நிறுத்திக்கொள்ள முடியாது. அந்த வேகத்தைக் கணக்கிட்ட அதே ஆய்வு பனியாற்றின் கனத்தையும் கணக்கிட்டது. அதானு பட்டாச்சார்யா, டோபியாஸ் போல்ச் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட கட்டுரை அது. 1968-க்கும் 2006-க்கும் இடையே கங்கோத்ரி தன் பரப்பு முழுவதும் சராசரியாக ஆண்டுக்கு 19 சென்டிமீட்டர் தண்ணீருக்கு ஈடான பனியை இழந்துகொண்டிருந்தது. 2006-க்கும் 2014-க்கும் இடையே அந்த இழப்பு 29 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. முகப்பு நிதானமான அதே ஆண்டுகளில் உடல் கூடுதலாக மெலிந்திருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 29 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 29 கோடி லிட்டர். இந்தப் பனியாறோ பல பத்துச் சதுர கிலோமீட்டர் பரந்தது.

பனியாறு முடியும் கோமுக்கில் நின்று பார்க்கும் யாத்ரீகர் கண்ணுக்கு இந்த இளைப்பு தெரியாது. அங்கேயே ஆண்டு முழுக்க முகாமிட்டாலும் தெரியாது. தெரிந்துகொள்ள அறுநூறு, எழுநூறு கிலோமீட்டர் உயரத்துக்குப் போக வேண்டியிருந்தது. அதோடு ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கியும் போக வேண்டியிருந்தது.

முகப்பை அளந்தவர்கள்

உத்தராகண்டில் சௌகம்பா சிகரங்களின் அடியில் தொடங்கி வடமேற்காக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் இறங்கிவருகிறது கங்கோத்ரி பனியாறு. அது முடிகிற இடம் கோமுக், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரம். பனிச்சுவரின் அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் பீறிட்டு வெளிவரும் நீர்தான் பாகீரதி. தேவப்பிரயாகையில் அலக்நந்தாவோடு கலந்தபின் அதற்குக் கங்கை என்று பெயர். கங்கோத்ரி கோயிலிலிருந்து கோமுக்குக்கு 18 கிலோமீட்டர் நடை. நூற்றாண்டுகளாக யாத்ரீகர்கள் நடந்த பாதை அது. இமயத்தின் ஆயிரக்கணக்கான பனியாறுகளில் இந்த ஒன்றுக்கு மட்டும் இத்தனை நீண்ட பதிவு இருப்பதற்கு அந்த நடைதான் காரணம்.

1817 மே மாதக் கடைசியில் கேப்டன் ஜான் ஹாட்ஜ்சன் என்ற நில அளவையாளர் அங்கே போய், தான் கண்டதை எழுதிவைத்தார். 1935-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஜான் பிக்னெல் ஆடன் முகப்பை முறையாக அளந்து வரைபடமாக்கினார். ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. ஹெச். ஆடனின் அண்ணன் இவர். தம்பியின் புகழில் இவர் பெயர் மங்கிப்போனது உண்மைதான், ஆனால் கங்கோத்ரியைப் பற்றிப் பேசும் எந்த ஆய்வும் இன்றுவரை 1935-ஐத் தொடாமல் நகர்வதில்லை. பின்னால் வந்த புவியியல் ஆய்வுத்துறையினர் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், முகப்பு எவ்வளவு உள்ளே நகர்ந்திருக்கிறது என்று அளந்துகொண்டே வந்தார்கள்.

அவர்கள் உழைப்பைக் குறை சொல்வதற்கில்லை. அளக்க முடிந்ததை அளந்தார்கள். முகப்புக்குப் பாதை இருக்கிறது, அதை நாடாவால் அளக்கலாம், பாறையில் குறி வைக்கலாம். மேலே முப்பது கிலோமீட்டர் நீளத்துக்கும் பனிப்பிளவுகள், பனிச்சரிவுகள், மூச்சுக்குப் போதாத காற்று. அங்கே யார் நாடாவோடு போவது? அதனால் பனியாறு என்றாலே முகப்பு, இழப்பு என்றாலே பின்வாங்கல் என்று ஆகிப்போனது. செய்தித்தாள்களும் அப்படியே எழுதின. நாமும் அப்படியே படித்தோம்.

நின்ற இடத்திலேயே மெலிவது

பனியாறு ஒரு கொடுக்கல் வாங்கல் கணக்கில் உயிர்வாழ்கிறது. உயரத்தில் விழும் வெண்பனி ஆண்டுக்கணக்கில் படிந்து, மேலே விழுவதன் எடையால் அமுங்கி, நீலப்பனியாக இறுகுகிறது. அந்த எடையாலேயே அது கீழ்நோக்கி மெல்ல வழிகிறது. கீழே வெயில் படும் பகுதியில் உருகுகிறது. மேலிருந்து வருவதும் கீழே உருகுவதும் சமமாக இருக்கும்வரை முகப்பு ஓரிடத்தில் நிற்கும். வரவு குறைந்தாலோ செலவு கூடினாலோ அந்தச் செய்தி முகப்பை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம். கங்கோத்ரி போன்ற நீண்ட பனியாற்றின் முகப்பு இன்று காட்டுவது இன்றைய வெப்பத்தை மட்டுமல்ல. அந்த இடத்தில் நம் தாத்தாக்கள் காலத்து வானிலையின் பங்கும் இருக்கிறது.

கற்போர்வை இன்னொரு சிக்கல். கங்கோத்ரியின் கீழ்ப்பகுதியில் வெள்ளையைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். இரு கரைகளிலும் உள்ள செங்குத்து மலைகள் உதிர்க்கும் கல்லும் மண்ணும் பனியின்மேல் பரவிக் கிடக்கின்றன. மெல்லிய தூசிப் படலமாக இருந்தால் அது வெயிலை உறிஞ்சி உருகலை விரைவாக்கும். சில சென்டிமீட்டருக்கு மேல் தடித்துவிட்டால் அதுவே வெயிலைத் தடுத்துப் பனியைக் காக்கும். இப்படிப் போர்த்திக்கொண்ட முகப்புகள் பல இடங்களில் அசையாமல் கிடக்க, அவற்றின் பின்னால் பனியாறு அமுங்கித் தாழ்ந்துகொண்டே போகிறது. பனி மெலிய மெலிய அதை நகர்த்தும் எடையும் குறைகிறது. கங்கோத்ரியின் ஓட்டம் 2006-க்குப் பிறகான எட்டு ஆண்டுகளில், அதற்கு முந்தைய காலத்தைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு தணிந்திருப்பதை அந்த 2016 ஆய்வே பதிவுசெய்கிறது.

இந்த ஒரு விஷயம் தெளிவாகாமல் போனதால் நாடு பெரிய சண்டை ஒன்றைப் பார்த்தது. 2009 நவம்பரில் புவியியல் ஆய்வுத்துறையின் முன்னாள் துணைத் தலைமை இயக்குநர் வி. கே. ரெய்னா எழுதிய அறிக்கையை அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வெளியிட்டார். இமயப் பனியாறுகள் இயல்பை மீறிப் பின்வாங்குவதற்குச் சான்றில்லை என்றது அறிக்கை. 2007 செப்டம்பருக்கும் 2009 ஜூனுக்கும் இடையே கங்கோத்ரியின் முகப்பு ஏறத்தாழ நின்றுவிட்டதையும் அது எடுத்துக்காட்டியது. மறுபுறம், ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கையில் இமயப் பனியாறுகள் 2035-க்குள் மறையக்கூடும் என்ற வரி இருந்தது. அந்த வரிக்கு அறிவியல் அடிப்படையே கிடையாது. 2010 ஜனவரியில் அந்தக் குழு வருத்தம் தெரிவித்து அதைக் கைவிட்டது.

இரண்டு தரப்பையும் இன்று திரும்பிப் பார்க்கும்போது எனக்கு வருத்தம்தான் மிஞ்சுகிறது. 2035 என்ற பிழை, அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு உண்மையான எச்சரிக்கையின் மதிப்பையும் குறைத்தது. ரெய்னா சொன்ன முகப்பின் நிதானம் பொய்யில்லை, பின்னால் செயற்கைக்கோள் ஆய்வும் அதை உறுதிசெய்தது. ஆனால் அதிலிருந்து பனியாறு நலமாக இருக்கிறது என்ற முடிவுக்குப் போக வழியில்லை. அந்த முடிவுக்குத் தேவையான அளவு அன்று யார் கையிலும் இல்லை.

மேலிருந்து ஒரு கண்

1972 ஜூலையில் அமெரிக்கா முதல் லாண்ட்சாட் செயற்கைக்கோளை ஏவியது. பயிர், காடு, கனிமம் என்று பூமியின் வளங்களைப் படமெடுக்கத்தான் அது போனது. போகிற வழியில் இமயமும் இருந்தது. ஆனால் அதன் படத்தில் ஒரு பிக்சல் என்பது தரையில் ஏறத்தாழ 80 மீட்டர். பிறகு வந்தவற்றில் 30 மீட்டர். ஆண்டுக்கு 20 மீட்டர் பின்வாங்கும் முகப்பை 30 மீட்டர் பிக்சலில் ஆண்டுதோறும் துரத்துவது வீண். இரண்டு படங்களுக்கு இடையே குறைந்தது பத்து, இருபது ஆண்டு இடைவெளி விட்டால்தான் நகர்வு பிழையைத் தாண்டி வெளியே தெரியும்.

பனியை மற்றதிலிருந்து பிரிக்க ஓர் அழகான வழி இருக்கிறது. நம் கண் காணும் ஒளியில் பனி பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். குற்றலை அகச்சிவப்பு ஒளியில் அதுவே கன்னங்கரேல். மேகம் இரண்டிலும் வெள்ளை. இரண்டு ஒளிகளிலும் எடுத்த படங்களை ஒப்பிட்டால் மேகம் வேறு, பனி வேறு என்று கணினியே பிரித்துவிடும். ஆனால் கல் போர்த்திய பகுதியில் இந்த வழி செல்லாது. அங்கே பனியும் பக்கத்து மலைச்சரிவும் ஒரே நிறம். பனிச்சுவரின் விளிம்பு, மேலே தேங்கிய சிறு குட்டைகள், ஆறு வெளிப்படும் வாய், படத்துக்குப் படம் நகரும் கற்கள் ஆகியவற்றைப் பார்த்து மனிதக் கண்தான் எல்லை வரைய வேண்டும். தேர்ந்த இருவர் ஒரே படத்தில் இருவேறு கோடுகள் வரைவது இந்தத் துறையில் அன்றாடம்.

எந்த மாதத்துப் படம் என்பதும் முக்கியம். மழைக்காலத்தில் மேகம், குளிர்காலத்தில் எங்கும் புதுப்பனி. செப்டம்பர் கடைசிக்கும் அக்டோபருக்கும் இடையே, பழைய வெண்பனி உருகி, புதியது விழுமுன் கிடைக்கும் சில வாரங்கள்தான் தெளிவானவை. அந்த நாட்களில் செயற்கைக்கோள் தலைக்குமேல் போக வேண்டும், வானமும் திறந்திருக்க வேண்டும். ஓர் ஆண்டு தப்பினால் அடுத்த ஆண்டுதான்.

பரப்பை அளப்பதில் நம் நாட்டு விஞ்ஞானிகள் முன்னோடிகளில் சேர்த்தி. அகமதாபாத்தில் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் இருந்த அனில் குல்கர்னியும் உடன்பணியாற்றியவர்களும் 2007-இல் செனாப், பார்வதி, பாஸ்பா படுகைகளின் 466 பனியாறுகளை ஆராய்ந்தனர். 1962-இல் 2,077 சதுர கிலோமீட்டராக இருந்த மொத்தப் பரப்பு 1,628 ஆகச் சுருங்கியிருந்தது. 21 விழுக்காடு இழப்பு. பெரிய பனியாறுகள் துண்டு துண்டாக உடைந்ததால் எண்ணிக்கை கூடியிருந்தது. வளர்ச்சி என்று யாரும் நினைத்துவிடக்கூடாத எண்ணிக்கை.

2014-இல் அதே மையத்திலிருந்து பஹுகுணா தலைமையில் இன்னோர் ஆய்வு வந்தது. 2,018 பனியாறுகளை 2001-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கும் 2011-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கும் இடையே ஒப்பிட்டதில், 1,752 அசையாமல் இருந்தன, 248 பின்வாங்கின, 18 முன்னேறின. இரண்டும் எப்படி உண்மையாக முடியும் என்று கேட்பது நியாயம். முதல் ஆய்வு நாற்பது ஆண்டுகளை அளந்தது, அதன் பழைய எல்லைகள் நில அளவைத்துறையின் வரைபடங்களிலிருந்து வந்தவை. இரண்டாவது பத்தே ஆண்டு. பத்தாண்டில் ஒரு பெரிய பனியாற்றின் முகப்பு அசையாதிருப்பது வியப்பில்லை. பரப்பும் நீளத்தைப் போலவே மேலிருந்து பார்த்த வெளிக்கோடுதான், ஆழத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

வானில் பிடித்த படச்சுருள்

ஆழத்துக்கு இரண்டு கண்கள் வேண்டும். ஒரு கண்ணை மூடி விரலைப் பாருங்கள், பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள்: விரல் இடம் மாறித் தெரியும். அருகில் இருந்தால் அதிகம் மாறும், தள்ளி இருந்தால் குறைவாக. ஒரே மலையை இரண்டு கோணங்களில் படமெடுத்தால், ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு இடம் மாறித் தெரிகிறது என்பதிலிருந்து அதன் உயரத்தைக் கணக்கிடலாம். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 இதற்கென்றே பிறந்தது. அதில் இரண்டு கேமராக்கள். ஒன்று 26 பாகை முன்னோக்கிச் சாய்ந்தது, மற்றொன்று 5 பாகை பின்னோக்கி. முன்கேமரா படமெடுத்த இடத்தை ஒரு நிமிடத்துக்குள் பின்கேமராவும் எடுத்துவிடும். பிக்சல் 2.5 மீட்டர். கங்கோத்ரியின் 2006-ஆம் ஆண்டு உயரங்கள் இப்படித்தான் கிடைத்தன.

ஆனால் இளைப்பைச் சொல்ல முன்பு எவ்வளவு பருமன் என்று தெரிய வேண்டுமே. 1968-இல் இமயத்தை இரண்டு கண்ணால் பார்த்தவர் யார்?

பார்த்தது அமெரிக்க உளவுத்துறை. சோவியத் ஏவுகணைத் தளங்களையும் சீனாவையும் வேவு பார்க்க சி.ஐ.ஏ.வும் அமெரிக்க விமானப்படையும் சேர்ந்து நடத்திய ரகசியத் திட்டத்தின் பெயர் கொரோனா. டிஜிட்டல் படம் இல்லாத காலம். செயற்கைக்கோள் ஃபிலிமில் படமெடுக்கும், சுருளை ஒரு கலத்தில் வைத்து பூமிக்கு எறியும். அது பாராசூட்டில் இறங்கும்போது ஹவாய் அருகே பசிபிக் கடலுக்கு மேலே பறக்கும் விமானம் கொக்கி போட்டு வானிலேயே பிடிக்கும். 1960 ஆகஸ்டில் முதல்முறை இப்படிப் பிடித்தார்கள். 1972 வரை திட்டம் ஓடியது. 1962 முதல் கொரோனாவிலும் முன்னோக்கி ஒன்று, பின்னோக்கி ஒன்று என்று இரண்டு கேமராக்கள். கார்ட்டோசாட்டுக்கு நாற்பது ஆண்டுகள் முந்திய அதே தத்துவம்.

1995 பிப்ரவரியில் அதிபர் கிளின்டன் ஆணையிட, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கொரோனா காலப் படங்கள் ரகசியப் பட்டியலிலிருந்து விடுபட்டன. பின்னால் வந்த ஹெக்ஸகன் என்ற உளவுச் செயற்கைக்கோளின் வரைபடக் கேமரா எடுத்தவை 2002-இல் திறந்துவிடப்பட்டன. எல்லையோர மலைகள் என்பதால் எடுத்த படங்களில், அவர்கள் ஒரு நிமிடம்கூடப் பொருட்படுத்தியிராத பனியாறுகள் துல்லியமாகப் பதிந்திருந்தன.

அந்தச் சுருள்களிலிருந்து உயரத்தைக் கறப்பது லேசான வேலையில்லை. பல பத்தாண்டுகள் கிடந்த ஃபிலிம் சுருங்கியிருக்கும், நெளிந்திருக்கும். ஹெக்ஸகன் படங்களில் சீரான இடைவெளியில் சிறு சிலுவைக் குறிகள் பதிந்திருப்பதால் நெளிவைத் திருத்திவிடலாம். கொரோனாவின் கேமராவோ ஊசலாடிக்கொண்டே படமெடுத்தது, அதற்குத் தனிக் கணிதம் வேண்டும். உச்சிப் பகுதிகளின் புதுப்பனி ஃபிலிமில் வெறும் வெள்ளையாக வெந்துபோயிருக்கும். இரண்டு படங்களில் ஒப்பிட ஒரு புள்ளிகூடக் கிடைக்காது. அந்த ஓட்டைகளை அக்கம்பக்கத்து மதிப்புகளால் நிரப்ப வேண்டும்.

பழைய உயரப்படத்தையும் புதியதையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கழிப்பது அடுத்த வேலை. பாறை மலைகள் ஐம்பது ஆண்டில் தாழ்ந்துவிடாது. ஆகவே பனி இல்லாத இடங்களில் இரண்டு படங்களின் வித்தியாசம் பூச்சியமாக வரவேண்டும். வரவில்லை என்றால் படங்கள் விலகி நிற்கின்றன என்று பொருள். பூச்சியத்தை நெருங்கும்வரை நகர்த்திப் பொருத்துவார்கள். அதற்குப் பிறகும் பாறையில் மிஞ்சும் வித்தியாசம்தான் அளவீட்டின் பிழை. பனிமேல் காணும் தாழ்வை அந்தப் பிழையோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்த நேர்மைதான் இத்துறையில் என்னை மிகவும் கவர்வது: மலையே தராசின் முள்ளைச் சரிபார்க்கிறது.

கங்கோத்ரியின் எண்களை இப்போது மறுபடி பார்ப்போம். 19 சென்டிமீட்டரில் 12 கூடவோ குறையவோ இருக்கலாம். 29-இல் 19. இரண்டு வரம்புகளும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. இழப்பு கூடியது என்று இந்த ஒரு பனியாற்றை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. அதனால்தான் 2019-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா மௌரரும் உடன் ஆய்வாளர்களும் செய்த வேலை கனமானது. இமயத்தின் 2,000 கிலோமீட்டர் நீளத்தில் 650 பனியாறுகளை ஹெக்ஸகன் படங்களாலும், டெர்ரா செயற்கைக்கோளில் உள்ள ஆஸ்டர் கருவியின் படங்களாலும் அளந்தார்கள். 1975 முதல் 2000 வரை ஆண்டுக்குச் சராசரி 22 சென்டிமீட்டர் தண்ணீருக்கு ஈடான இழப்பு. 2000 முதல் 2016 வரை 43 சென்டிமீட்டர். ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அந்த ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. கல் போர்த்திய பனியாறுகளும் வெண்பனியாறுகளும் சராசரியில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் மெலிந்திருந்தன. போர்வை காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு இது அடி. முகப்பு வேண்டுமானால் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

கழியும் ஈர்ப்பும்

உயரம் குறைந்தது தெரிந்தாலும் எடை எவ்வளவு குறைந்தது என்பது தானாக வந்துவிடாது. இறுகிய பனி கனமானது, புதுப்பனி பஞ்சு. சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 850 கிலோ என்று வைத்துக்கொள்வது வழக்கம், அதுவும் ஓர் அனுமானமே. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்வெளி ஓடம் பதினொரு நாளில் உலகின் பெரும்பகுதிக்கு ராடாரால் எடுத்த உயரப்படம் இத்துறைக்குப் பெரிய கொடை. ஆனால் ராடார் அலை உலர்ந்த பனிக்குள் சில மீட்டர் இறங்கிவிடுவதால், மேற்பரப்பு உண்மையில் இருப்பதைவிடத் தாழ்வாகத் தெரியும். அதைத் திருத்தாமல் கழித்தவர்களின் கணக்கு தப்பியிருக்கிறது.

2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் படமே எடுக்கவில்லை. ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தள்ளிப் பறந்து, கீழே உள்ள நிறையின் ஈர்ப்பால் இடைவெளி எப்படி மாறுகிறது என்பதை மட்டும் அளந்தன. நேரடியாக எடை! ஆனால் இமயத்தின் காலடியில் பஞ்சாபும் ஹரியானாவும் ராஜஸ்தானும் இருக்கின்றன. அங்கே ஆழ்குழாய்க் கிணறுகள் உறிஞ்சிய நிலத்தடி நீரும் எடை இழப்புதான். 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை அந்த வட்டாரம் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்தது என்று கணக்கிட்டதும் இதே கிரேஸ்தான். மலையில் உருகியது எவ்வளவு, வயலில் இறைத்தது எவ்வளவு என்று அந்தக் கருவியால் சுத்தமாகப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

ஆகவே கால்நடையாகப் பனிமேல் ஏறுபவர்கள் இன்றும் தேவைப்படுகிறார்கள். இமாசலத்தின் லாஹுல்–ஸ்பிதியில் உள்ள சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரெஞ்சு விஞ்ஞானிகளோடு சேர்ந்து, நீராவித் துளைப்பானால் பனியில் மூங்கில் கழிகளை இறக்கி, ஆண்டுக்காண்டு எவ்வளவு கழி வெளியே தெரிகிறது என்று அளக்கிறார்கள். டேராடூனின் வாடியா இமயப் புவியியல் நிறுவனம் டோக்ரியானி பனியாற்றில் தொண்ணூறுகளிலிருந்து இதே வேலையைச் செய்துவருகிறது. செயற்கைக்கோள் தரும் எண் சரியா என்று கேட்க, இந்தக் கழிகளை விட்டால் ஆளில்லை. இப்படி நீண்ட காலம் அளக்கப்பட்ட பனியாறுகளை இமயம் முழுவதிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உருகியது எங்கே நிற்கிறது

மெலியும் பனியாறு விட்டுச்செல்லும் பள்ளத்தில் ஏரி பிறக்கிறது. கற்குவியல்தான் கரை. இஸ்ரோ 2024 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய இமய ஆற்றுப் படுகைகளில் 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,431 ஏரிகளில் 676 ஏரிகள் 1984-லிருந்து பெரிதாகியுள்ளன. அவற்றில் 130 இந்திய மண்ணில் உள்ளவை. இமாசலத்தின் கேபாங் காத் ஏரி 1989-இல் 36 ஹெக்டேர், 2022-இல் 101.

சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியும் அப்படி வளர்ந்ததுதான். 2023 செப்டம்பர் 28 அன்று இஸ்ரோவின் ராடார் படத்தில் அதன் பரப்பு 167 ஹெக்டேர். அக்டோபர் 4 காலை, மேகத்தை ஊடுருவி ஐரோப்பாவின் சென்டினல்-1 ராடார் எடுத்த படத்தில் 60 ஹெக்டேர். இடையில் ஓர் இரவில் ஏரி உடைந்திருந்தது. டீஸ்டா ஆற்றில் சுங்தாங்கிலிருந்த அணை அடித்துச் செல்லப்பட்டது, கீழே ஊர்களும் உயிர்களும் போயின. அந்த ஏரி பெரிதாகிவருவது பல ஆண்டுகளாகச் செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தேதான் இருந்தது. அளவீடு தன் வேலையைச் செய்திருந்தது. அந்த எண் மலையடிவாரத்துக் குடும்பத்தின் கதவைத் தட்டும் ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். அது அரசின் பொறுப்பு, அதிலிருந்து யாரும் நழுவ முடியாது.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் செயற்கைக்கோள் புறப்பட்டது. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. 12 மீட்டர் அகலமுள்ள ஆண்டெனா, இரண்டு அலைவரிசை ராடார்கள், 12 நாளுக்கு ஒருமுறை அதே இடம், மேகமோ இரவோ தடையில்லை. பனியாறுகளின் ஓட்டத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் தொடரக்கூடியது. செப்டம்பர் கடைசி வானத்துக்காக ஆண்டு முழுதும் காத்திருந்த துறைக்கு இது பெரும் விடுதலை. அதன் தரவுகள் உலகில் எவருக்கும் இலவசம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கணக்கு மட்டும் முடியாமல் நிற்கிறது. கங்கோத்ரி இழந்த பனி பாகீரதியில் எந்த மாதத்தில் எவ்வளவு நீராக வந்தது, அதில் மழைநீரின் பங்கு என்ன என்பதை அறிய ஆற்றின் நீரோட்டக் கணக்கு வேண்டும். தொடக்கத்தில் உருகல் கூடக்கூட ஆறு பெருகும், பனியின் பரப்பு ஓர் அளவுக்குக் கீழே போனபின் கோடைநீர் குறையத் தொடங்கும். அந்தத் திருப்பத்தைப் பாகீரதி தாண்டிவிட்டதா என்பது அந்த ஆற்றின் மீதுள்ள தெஹ்ரி அணைக்கும் அதன் கீழே உள்ள பாசனத்துக்கும் அடிப்படையான கேள்வி. மத்திய நீர் ஆணையம் அந்த நீரோட்டத்தை அளக்கிறது. ஆனால் கங்கை, சிந்து, பிரம்மபுத்திரா படுகைகளின் ஆற்றுத் தரவுகளை அரசு ரகசியப் பட்டியலில் வைத்திருக்கிறது. அண்டை நாடுகளோடு பகிரும் ஆறுகள் என்பது அதற்கான காரணம். சி.ஐ.ஏ. தன் உளவுப் படங்களை உலகுக்குத் திறந்துவிட்டு முப்பது ஆண்டுகள் ஆகின்றன. பாகீரதியின் நீரளவைக் கேட்கும் இந்திய ஆய்வு மாணவர் இன்னும் விண்ணப்பம் எழுதி, உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து, அனுமதிக்காகக் காத்திருக்கிறார். அந்தக் கணக்கேடுகளைத் திறந்துவிட ராக்கெட் வேண்டியதில்லை, டெல்லியில் ஒரு கையெழுத்து போதும்.